ஸ்பைடர் பேபி (திரைப்படம்)

ஜாக் ஹில் எழுதி இயக்கிய அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படம் ‘ஸ்பைடர் பேபி’. 1964ஆம் ஆண்டுக் கோடையில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஹைலண்ட் பார்க் பகுதியிலுள்ள ஒரு பழைய மாளிகையில் 12 நாட்களில் எடுக்கப்பட்டது. செலவு சுமார் 65,000 டாலர். ரோஜர் கார்மனின் மலிவுப் படங்களில் தொழில் பழகிய ஹில், தனியாக இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. திகில் பட வரலாறுகள் இதை மனித மாமிசம் தின்னும் குடும்பத்தின் கதை என்று ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடும். கதைச் சுருக்கமாக அது சரிதான். ஆனால் படம் நிலைத்ததற்கு அதன் நடுவில் வரும் இரவு விருந்தே காரணம் என்பதற்குப் படத்திலேயே போதிய சான்று உண்டு.

மெர்ரி என்னும் குடும்பத்தைப் பரம்பரை நோய் ஒன்று பீடித்திருக்கிறது. பத்து வயதை ஒட்டி அறிவு பின்னோக்கிச் சரியத் தொடங்கி, மனித நிலைக்கும் கீழே இறங்கிவிடும். எஞ்சியிருப்பவர்கள் எலிசபெத், வர்ஜீனியா என்ற இரு பெண்கள், பேச்சு வராத ரால்ஃப், நிலவறையில் அடைபட்டிருக்கும் முதிய உறவினர்கள். இறந்துபோன முதலாளிக்குக் கொடுத்த வாக்குக்காகக் கார் ஓட்டுநர் புரூனோ இவர்களை வளர்த்துக் காக்கிறார். சொத்தில் கண்வைத்துத் தூரத்து உறவினர்களான பீட்டரும் எமிலியும் ஒரு வழக்கறிஞரையும் அவருடைய செயலாளரையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்கிறார்கள். இரவாகிவிட்டது; வந்தவர்களைப் பட்டினி போட முடியாது. முயல் என்று மேசைக்கு வருவது ரால்ஃப் பிடித்துவந்த பூனை. கூடவே தோட்டத்துப் புல்பூண்டும் பூச்சிகளும். பிள்ளைகள் மாமிசம் உண்பதில்லை, ரால்ஃப் மட்டும் தானே பிடித்ததைத் தின்னலாம் என்று புரூனோ வீட்டு ஒழுங்கை விளக்குகிறார். அவர் குரலில் தன் வீட்டுப் பழக்கத்தைச் சொல்லும் எந்தப் பெரியவருக்கும் உள்ள இயல்பான பெருமைதான் இருக்கிறது.

இந்தக் காட்சியில் யாரும் கொல்லப்படுவதில்லை. கொலை படத்தின் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிட்டது: செய்தி கொண்டுவந்தவரை வர்ஜீனியா சிலந்தி விளையாட்டு ஆடிக் கயிற்றில் சிக்கவைத்துக் கத்திகளால் குத்திக் கொல்கிறாள். ஆகவே மேசையில் அமர்ந்திருக்கும் விருந்தாளிகளுக்குத் தெரியாதது பார்வையாளருக்குத் தெரியும். விருந்தோம்பும் வீட்டார் முறைமை தவறாமல் பரிமாறுகிறார்கள். வந்தவர்களோ வீட்டையே பறிக்க வந்தவர்கள். எமிலியும் வழக்கறிஞரும் முகம் சுளிக்க, பீட்டர் மட்டும் சாப்பாட்டைப் பாராட்டுகிறார். உயிரோடு கடைசிவரை தப்புபவர்களில் அவரும் ஒருவர் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. பேச்சு திகில் படங்கள் பக்கம் திரும்பி ஓநாய் மனிதன் பெயர் அடிபட, இன்று முழுநிலவு என்கிறார் புரூனோ. புரூனோ வேடத்தில் இருப்பவர் 1941இல் ஓநாய் மனிதனாகவே நடித்த லான் சேனி ஜூனியர். அரங்கம் சிரிப்பதற்கென்றே வைத்த வரி. ஆனால் அந்த முகத்தில் கேலி இல்லை.

விருந்தை நடுவில் வைத்ததற்குப் பணப்பற்றாக்குறையே காரணம் என்று வாதிடுவோர் உண்டு: ஒரு மேசை, நாலைந்து நாற்காலி, ஓர் இரவு, வேறென்ன வேண்டும்? பாதி உண்மை. ஜேம்ஸ் வேல் 1932இல் எடுத்த ‘தி ஓல்ட் டார்க் ஹவுஸ்’ படமும் மழை இரவில் அடைக்கலம் தேடி வந்தவர்களைக் கிறுக்குக் குடும்பத்தின் உணவு மேசையில்தான் அமர்த்தியது. அதை எடுத்தது யுனிவர்சல் நிறுவனம். மேசையைத் தவிர வேறு காட்சிக்கு அங்கே பணமில்லாமல் போகவில்லை. ஆக இந்த வடிவம் வறுமையில் பிறந்ததன்று. வறுமை செய்தது வேறு. அதற்கு ஒப்பிட வேண்டியது 1963இல் ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் 24,500 டாலரில் எடுத்த ‘பிளட் ஃபீஸ்ட்’. அங்கும் ஒரு விருந்துக்கான ஏற்பாடுதான் கதை. அதற்காகப் பெண்களைக் கொன்று உறுப்பறுப்பதை வண்ணத்தில் அப்பட்டமாகக் காட்டினார் லூயிஸ். ஹில் கையிலிருந்த பணமும் பெரிதல்ல, ஆனால் அவர் அதை நடிகர்களின் முகத்துக்குச் செலவிட்டார். தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட அதை எடுத்து வைப்பவரின் பணிவு அச்சுறுத்துகிறது.

படப்பிடிப்பு நடந்த அதே 1964 செப்டம்பரில் ‘ஆடம்ஸ் ஃபேமிலி’, ‘மன்ஸ்டர்ஸ்’ என இரண்டு தொடர்கள் சில நாள் இடைவெளியில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தன. இரண்டிலும் விசித்திரக் குடும்பம். விருந்தாளிகள் அலறி ஓடுவார்கள், ஆனால் யாருக்கும் காயம் படாது. ஹில் அதே நகைச்சுவையை எடுத்து, காயம் படும் என்ற ஒன்றை மட்டும் சேர்த்தார்.

இன்னொரு மறுப்பு கனமானது. மனவளர்ச்சி குன்றியவர்களைக் கொலைகாரர்களாக்கிச் சிரிப்பு மூட்டும் படம் இது என்பார்கள். மெர்ரி நோய்க்கு மருத்துவ அடிப்படை ஏதுமில்லை. அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. 1877இல் டக்டேல் எழுதிய ‘ஜூக்ஸ்’ குடும்ப ஆய்வும், 1912இல் காடர்ட் எழுதிய ‘காலிகாக்’ குடும்ப ஆய்வும், குற்றமும் அறிவுக்குறைவும் இரத்தத்தில் இறங்கும் என்ற அச்சத்தை அமெரிக்காவில் பரப்பப் பயன்பட்டன. அந்த அச்சமே கட்டாயக் கருத்தடைச் சட்டங்களுக்கு நியாயம் கற்பித்தது. 1927இல் உச்ச நீதிமன்றமும் அதற்கு இசைந்தது. மெர்ரி குடும்பம் அந்த ஆய்வுகளின் கேலிச்சித்திரம். பிள்ளைகளைக் காப்பகத்துக்கு அனுப்பிச் சொத்தை எடுத்துக்கொள்ளத் துடிப்பவர்களைப் படம் நல்லவர்களாகக் காட்டவில்லை. தந்தையின் எலும்புக்கூட்டுக்கு இரவு வணக்கம் சொல்லி முத்தமிட்டு உறங்கப்போகும் மகளின் மேல் இருக்கும் பரிவு எமிலிமேல் இல்லை. ஆயினும் மறுப்பு முழுதாக அடிபட்டுப் போகாது. கடைசியில் புரூனோ, சாலைப் பணி நடக்கும் இடத்திலிருந்து டைனமைட் எடுத்துவந்து, பிள்ளைகளோடு தன்னையும் சேர்த்து வீட்டைத் தகர்க்கிறார். அன்பினால் செய்தாலும், அந்த வம்சம் அழிய வேண்டியதே என்ற பழைய தீர்ப்புக்குக் கதை பணிந்துவிட்டது. பீட்டரின் மகள் சிலந்தி வலையை ரசிக்கும் இறுதிக் காட்சி, நலமாய்த் தெரிந்த கிளையிலும் நோய் உண்டு என்று காட்டி அந்தத் தீர்ப்பைச் சற்றே எள்ளி நகையாடுகிறது. சமாதானம் அவ்வளவுதான்.

படம் உடனே வெளிவரவில்லை. பணம் போட்ட வீடு மனை வணிகர்கள் திவாலானதால் பிரதி சட்டச் சிக்கலில் மாட்டி, 1967 முடியும் தறுவாயில்தான் திரையரங்கைக் கண்டது. ‘தி லிவர் ஈட்டர்ஸ்’ போன்ற வேறு பெயர்களிலும் ஊர் ஊராக ஓடியது. அந்தத் தாமதம்தான் பிற்காலப் புகழுக்குக் காரணம், கிடைக்காத பொருளுக்கு மவுசு என்று சொல்வதுண்டு. கிடைக்காமல் போன மலிவுப் படங்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ. வீடியோ வந்தபின் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தேடியவர் இல்லை. இதைத் தேடினார்கள். பின்னாளில் அகாடமி திரைப்படக் காப்பகமும் பாதுகாத்து வைத்தது. சேனியின் பங்கு இதில் பெரிது. குடியால் நலிந்து, கிடைத்த வேடத்தில் தலைகாட்டிக்கொண்டிருந்த அவர், இங்கே தலைப்புப் பாடலைத் தாமே பாடி, முதுமைக்கால நடிப்பில் சிறந்ததைத் தந்தார்.

1974இல் டோப் ஹூப்பர் எடுத்த ‘டெக்சஸ் செயின் சா மசாக்கர்’ படத்தின் உச்சமும் உணவு மேசைதான். அங்கே விருந்தாளி நாற்காலியில் கட்டப்பட்டிருக்கிறாள், முறைமை என்ற பாசாங்குக்கே இடமில்லை. ஹில் ‘காஃபி’ (1973), ‘ஃபாக்ஸி பிரவுன்’ (1974) படங்களில் பாம் கிரியரை நாயகியாக்கி வேறு பாதைக்குப் போனார். ரால்ஃபாக நடித்த சிட் ஹெய்க், 2003இல் ராப் சாம்பியின் ‘ஹவுஸ் ஆஃப் 1000 கார்ப்சஸ்’ மூலம் புதிய தலைமுறைக்கு அறிமுகமானார். விருந்தினர் சென்று சிக்கும் குடும்பத்தின் கதை அதுவும்.