படர்தாமரையும் சீமையகத்தியும்: ஒரு மருந்துப்பெயரின் வரலாறு

தமிழகத்தில் படர்தாமரைக்குரிய மூலிகையாகப் பரவலாக அறியப்படுவது சீமையகத்தி. இதன் பச்சிலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசுவது வழக்கம். இதனைத் தொன்றுதொட்டு வரும் மருந்தெனக் கருதுவது இயல்பே. ஆயினும் செடியின் பெயரே அக்கருத்தை மறுக்கிறது.

'சீமை' என்பது கடல்கடந்து வந்த பொருள்களுக்குத் தமிழர் இட்ட அடைமொழி. சீமையெண்ணெய், சீமைச்சுண்ணாம்பு ஆகியன இவ்வகையின. தாவரவியலார் சென்னா அலாட்டா எனக் குறிக்கும் இச்செடியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. எனவே, 1492க்குப் பின் ஏற்பட்ட கடல்வழித் தொடர்புகளுக்கு முன்னர் இது தமிழ் மருத்துவத்தில் இடம்பெற்றிருக்க இயலாது. அகத்தியை ஒத்த கூட்டிலை கொண்டமையால், அறிந்த செடியின் பெயரே இதற்கும் வாய்த்தது.

அதற்கு முன்னரே இந்நோய்க்குப் பயன்பட்டது தகரை. வடமொழியில் இதற்குச் சக்ரமர்தம், தத்ருக்னம் என்னும் பெயர்கள் உண்டு. 'தத்ரு' என்பது படர்தாமரையையும், 'சக்ர' என்பது அதன் வட்ட வடிவையும் சுட்டும். தகரையும் சீமையகத்தியும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. கிரைசோபனால் என்னும் வேதிப்பொருள் இரண்டிலும் உண்டு. சீமையகத்திக்கு வடஇந்தியாவில் வழங்கும் 'தாத்மர்தன்' என்னும் பெயரும் படர்தாமரையை அழிப்பது என்றே பொருள்படும். பழைய மருந்துக்குரிய பெயரிடும் முறை புதிய செடிக்கும் தொடர்ந்தமை இதனால் புலனாகிறது.

சீமையகத்தியின் மற்றொரு பெயர் வண்டுகொல்லி. தோல்நோயை 'வண்டுகடி' என்னும் மக்கள் வழக்கோடு இது பொருந்துகிறது. ஐரோப்பியரும் இந்நோயைத் துணியரிக்கும் அந்துப்புழுவின் இலத்தீன் பெயரால் 'தினியா' என்றனர். பூஞ்சையே இதற்குக் காரணம் என்பது 1840களில் டேவிட் குரூபி முதலியோர் நுண்ணோக்கி வழியே செய்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. நோய்முதல் குறித்த விளக்கம் மாறிய பின்னரும் மருந்து நிலைத்தது. 1868இல் வெளிவந்த இந்திய மருந்தியல் நூலிலும் இவ்விலை இடம்பெற்றது.

ஆகவே, மரபு என்பதும் தொன்மை என்பதும் ஒன்றல்ல. அயல்நிலச் செடியொன்றை அறிந்து, பயன்படுத்தி, பெயரிட்டுத் தனதாக்கிக்கொண்ட திறனே இங்கு மரபாகிறது. எல்லா மூலிகைகளையும் பழமைக்கு உரியனவாக்கும் போக்கு அத்திறனை மறைத்துவிடுகிறது. 'சீமை' என்னும் அடைமொழியோ அதனை இன்றும் காட்டி நிற்கிறது.