மாட்டை எங்க கட்டினவை?

போன டிசெம்பரில் நான்கு நாள் லீவு எடுத்துக்கொண்டு லூயிஸ் தீவுக்குப் போனேன். ஸ்கொட்லாந்தின் வடமேற்கே, அத்லாந்திக் சமுத்திரத்துக்குள் நீண்டு கிடக்கும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளின் வடபகுதி அது. உல்லாபூல் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ஸ்டோர்னோவே போய்ச் சேர இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அந்த மாதத்தில் சூரியன் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் எழும்பும். பின்னேரம் மூன்றரைக்கெல்லாம் இறங்கிவிடும். மிச்ச நேரம் முழுக்கக் காற்று.

நான் தங்கியது மேற்குக் கரையோரம் ஒரு கல்வீட்டில். ஆள் உயரத்துக்குக் குறைவான தடித்த சுவர், புல்லால் வேய்ந்த கூரை, அதன் மேல் வலை போட்டுக் கட்டித் தொங்கவிட்ட கற்கள். உள்ளே போனால் சூடான தரை, கண்ணாடிக் கதவு வைத்த அடுப்பு, மெத்தென்ற கட்டில், சுடுதண்ணீர் ஷவர். வெளியே புயல், உள்ளே கதகதப்பு. இதற்காகத்தான் ஆட்கள் குளிர்காலத்திலும் இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

பெருமையாக அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்துக் கூரையைக் காட்டினேன்.

"காசு குடுத்தே கொட்டிலுக்குள்ள படுக்கப் போனனி?" என்றார் அம்மா. பிறகு கமராவை மெதுவாகச் சுற்றிக் காட்டச் சொன்னார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சரி, மாட்டை எங்க கட்டினவை?"

நான் சிரித்துவிட்டேன். அடுத்த நாள் ஆர்னோல் கிராமத்துக்குப் போனபோதுதான், அந்த வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்று விளங்கியது.

ஆர்னோலில் 42ஆம் இலக்க வீடு அரசின் பாதுகாப்பில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. 1966 வரை அதில் குடும்பம் இருந்தது. ஆம், 1966. அந்த ஆண்டு இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அதே ஆண்டில்தான் இந்த வீட்டுக்காரரும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறினார்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணைப் பிடிப்பது புகை. தரையின் நடுவில் பீட் எரிகிறது. பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிப்போன செடிகள். அதை மண்கட்டி போல வெட்டி, வெயிலும் காற்றும் படக் காயவைத்து எரிப்பார்கள். தீவில் மரம் இல்லை என்பதால் விறகும் இல்லை. புகைபோக்கி கிடையாது. புகை தானாகக் கூரைக்கு ஏறி, புல்லுக்குள் புகுந்து, மெல்ல வெளியே கசியும். இருமிக்கொண்டே மறுபக்கம் பார்த்தால் அதே கூரையின் கீழ் மாட்டுக் கொட்டகை. அம்மாவின் கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது.

நான் எஞ்சினியரிங் படித்தவன், அதனால் கொஞ்சம் அளந்து பார்க்கும் பழக்கம் உண்டு. சுவரின் தடிப்பு சில இடங்களில் 2 மீட்டர் வரை போகிறது. உண்மையில் அது ஒரு சுவர் இல்லை. சாந்து பூசாமல் அடுக்கிய இரண்டு கற்சுவர்கள், நடுவில் மண். கூரை உட்சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்படியென்றால் கூரையில் விழும் மழை எங்கே போகும்? சுவரின் நடுவிலுள்ள மண்ணுக்குள் இறங்கும். நம் கண்ணுக்கு அது பிழையான வடிவமைப்பு. ஆனால் ஈரமண் காற்றை ஊடுருவ விடாது. அந்தத் தீவில் மழையைவிடப் பெரிய எதிரி காற்று. மூலைகளை வட்டமாக வளைத்தது, கூரையைத் தாழ்த்திக் கல்லால் கட்டியது, எல்லாம் காற்றுக்காகத்தான்.

மாடும் அப்படித்தான். ஒரு பசு குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் நின்றால் அதன் உடற்சூடும் வீட்டுக்குத்தான். சாணத்தை அன்றாடம் வெளியே கொட்டமாட்டார்கள். குளிர்காலம் முழுக்கச் சேரவிட்டு வசந்தத்தில் வயலுக்குக் கொண்டு போவார்கள். புகைக்கரி ஊறிய பழைய கூரைப் புல்லும் உரமாக வயலுக்கே போகும். பிறகு புதிதாக வேய்வார்கள். அடுப்பு, மாடு, கூரை, வயல் எல்லாம் ஒரே சுற்று. இதில் எதை எடுத்தாலும் மற்றது நின்றுவிடும்.

நெருப்பை அணையவே விடமாட்டார்களாம். இரவில் சாம்பலால் மூடி, ஒரு பிரார்த்தனை சொல்லிவிட்டுப் படுப்பார்கள். காலையில் சாம்பலைக் கிளறினால் தணல் உயிரோடு இருக்கும். அந்தப் பிரார்த்தனைகளை அலெக்சாண்டர் கார்மைக்கேல் என்பவர் தீவு தீவாக அலைந்து கேலிக் மொழியில் எழுதி எடுத்தார். அவருடைய தொகுப்பின் முதல் பாகங்கள் 1900இல் வெளிவந்தன.

இந்த வீட்டுக்கு கேலிக் மொழியில் பெயர் 'தைய் தூ', அதாவது கறுப்பு வீடு. புகையால் கறுத்ததால் வந்த பெயர் என்று நானும் நினைத்தேன். ஆனால் நூற்றாண்டுக் கணக்காக இதற்குத் தனிப் பெயர் எதுவும் இருக்கவில்லை, வெறும் 'வீடு'தான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சாந்து பூசிய சுவரும் புகைபோக்கியும் வைத்த புது மாதிரி வீடுகள் வரத் தொடங்கின. அவை 'வெள்ளை வீடு' ஆனபோது பழையது 'கறுப்பு வீடு' ஆனது. இதைக் கேட்டதும் எனக்கு அம்மா சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. அம்மம்மாவின் கிடுகு வேய்ந்த வீட்டை, பக்கத்து வளவில் கல்வீடு எழும்பும்வரை யாரும் கொட்டில் என்று சொன்னதில்லையாம்.

சரி, புகை கண்ணைக் கெடுக்கிறது, காசநோய் இருக்கிறது, சுகாதார அதிகாரிகள் திட்டுகிறார்கள். ஏன் இவர்கள் முன்பே நல்ல வீடு கட்டவில்லை? வந்து போன பல கனவான்கள் 'சோம்பல்' என்று எழுதிவைத்துப் போனார்கள். எனக்கு அதைப் படிக்கவே எரிச்சலாக இருக்கும். காரணம் நிலத்தில் இருந்தது.

வீடு கட்டியவருக்கு நிலம் சொந்தமில்லை. தீவு முழுவதுமே ஒரு பிரபுவின் சொத்து. குடியானவர் வாடகைக்காரர், எந்த ஆண்டும் வெளியேறச் சொல்லலாம். நீங்கள் செலவழித்து நல்ல சுவர் வைத்தால் அதற்கு நட்டஈடு கிடையாது. வாடகை கூடினாலும் கேட்க முடியாது. இந்த நிலையில் யார் புகைபோக்கி கட்டுவார்? கல் எங்கும் கிடக்கும். கிடைக்காதது மரம். கரை ஒதுங்கிய கட்டைகளையும் உடைந்த கப்பல்களின் பலகைகளையும் பொறுக்கித்தான் கூரை போட்டார்கள். அதனால் வெளியேறும் குடும்பம் கூரைமரத்தைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு போகும். அசையும் சொத்து என்று அவர்களுக்கு இருந்தது அதுதான்.

1844இல் ஜேம்ஸ் மதிசன் என்பவர் லூயிஸ் தீவை விலைக்கு வாங்கினார். ஜார்டின் மதிசன் கொம்பனியின் பங்காளி. இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவுக்குக் கடத்தி விற்றதில் வந்த பணம் அது. அந்தக் காசில் ஸ்டோர்னோவே துறைமுகத்துக்கு எதிரே ஒரு கோட்டை கட்டினார். (அதே ஊரில் பிறந்த இன்னொருவருக்கும் நம் பக்கத்தோடு தொடர்பு உண்டு. இந்தியாவின் முதல் சேர்வேயர் ஜெனரல் கொலின் மெக்கென்சி. தென்னிந்தியக் கிராமங்களின் கதைகளை அவர் தேடிச் சேர்த்த சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் சென்னையில் இருக்கிறது. தன் சொந்தத் தீவின் கிராமக் கதைகளை எழுத அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.)

1846இல் உருளைக்கிழங்கு நோய் வந்து பஞ்சம் பிடித்தபோது மதிசன் தானியம் வாங்கிக் கொடுத்தார். அதை மறைக்கக் கூடாது. ஆனால் 1851 முதல் 1855 வரை 2,300க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பியதும் அவர்தான். அவருடைய நிர்வாகி ஜோன் மன்ரோ மெக்கென்சி 1851இல் எழுதிய நாட்குறிப்பு இப்போதும் கிடைக்கிறது. ஊர் ஊராகப் போய், யார் வாடகை பாக்கி, யாரை அனுப்பலாம் என்று அவர் கணக்குப் போடுகிறார். போனவர்களில் பலர் கியூபெக் மாகாணத்தில் குடியேறினார்கள். அங்கேயும் ஒரு ஸ்டோர்னோவே இருக்கிறது. கனடாவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும்: ஒட்டாவாவில் எதிர்க்கட்சித் தலைவரின் உத்தியோகபூர்வ இல்லத்தின் பெயரும் ஸ்டோர்னோவேதான்.

1883இல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது. தலைவர் நேப்பியர் பிரபு. குடியானவர்கள் வரிசையில் வந்து, பலர் கேலிக் மொழியிலேயே, வாடகை, வெளியேற்றம், பறிபோன மேய்ச்சல் நிலம் எல்லாவற்றையும் சொன்னார்கள். மூன்று ஆண்டு கழித்து 1886இல் சட்டம் வந்தது. ஒழுங்காக வாடகை கட்டுபவரை இனி வெளியேற்ற முடியாது. அவர் செய்த திருத்தங்களுக்கு, விட்டுப் போகும்போது நட்டஈடு உண்டு. அதன் பிறகு மெல்ல மெல்ல வெள்ளை வீடுகள் எழும்பின. 'சோம்பேறிகள்' திடீரென்று திருந்திவிட்டார்கள் போலும்!

கடைசிவரை பழைய வீட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். ஆண்டுதோறும் கூரை வேய உடம்பில் பலம் வேண்டும். இளையவர்கள் கப்பல் வேலைக்கோ கிளாஸ்கோவுக்கோ போய்விட்டால் யார் ஏறுவது? கார்லோவே அருகே கடலைப் பார்த்தபடி இருக்கும் கியாரனன் கிராமத்தில் கடைசிக் குடியிருப்பாளர்கள் 1974இல் வெளியேறினார்கள். கூரைகள் விழுந்தன. 1989இல் ஊரவர்களே ஓர் அறக்கட்டளை அமைத்து, வீடு வீடாகத் திருத்தினார்கள். கல்லும் புல்லும் பழைய மாதிரி, குழாயும் மின்சாரமும் புதிது. இப்போது அங்கே பயணிகள் தங்குகிறார்கள். மதிசனின் கோட்டையிலும் தங்கலாம். 1923இல் அது ஊருக்குக் கைமாறியது. இப்போது ஒரு பகுதி அருங்காட்சியகம், ஒரு பகுதி தங்கும் அறைகள். அபின் பணத்தில் கட்டியதும் வாடகை பாக்கியில் நின்றதும் ஒரே தீவில் விடுமுறை இடங்களாகிவிட்டன.

இதைக் குற்றமாகச் சொல்கிறேனா? முழுக்க இல்லை. நானும் படுத்து நன்றாகத் தூங்கியவன்தான். பணம் யாருக்குப் போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். கார்லோவே எஸ்டேட் நிலத்தை 2015இல் அங்கே வாழ்பவர்களே சேர்ந்து வாங்கினார்கள். ஒரு காலத்தில் கூரைமரம் மட்டும் சொந்தமாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அடியிலுள்ள மண்ணுக்கும் சொந்தக்காரர். அதே நேரம் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் மொத்தமே சுமார் 26,000 பேர். அங்கே விடுமுறை வீடாக மாறும் ஒவ்வொரு வீடும், ஊரில் இருக்க விரும்பும் ஒரு இளம் குடும்பத்துக்குக் கிடைக்காத வீடு.

ஆர்னோலில் இருந்து திரும்பியதும் அம்மாவுக்கு மறுபடி அழைத்தேன். மாட்டை எங்கே கட்டினார்கள் என்று சொன்னேன். புகையைப் பற்றியும் சொன்னேன். என் ஜக்கெட்டில் இன்னும் மணக்கிறது என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவுக்குக் கடைசியிலே கண் தெரியாமப் போனது உந்தப் புகையாலதான் எண்டு டொக்டர் சொன்னவர்" என்றார். எனக்கு அது அதுவரை தெரியாது. நீரிழிவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். "கல்வீடு கட்டி முடியேக்க அவவுக்கு அறுவது வயசு. அதுக்குப் பிறகும் அவ பின்னால கொட்டில் போட்டுத்தான் சமைச்சவ. புது அடுப்படி கறுத்துப் போமாம்."

ஜக்கெட்டை இன்னும் துவைக்கவில்லை.