இங்கினியாகலையில் இறங்கிய இயந்திரங்கள்

கட்டட வரைபடமும் மதிப்பீடும் கணினிக்கு மாறிவரும் இந்நாளில், அட்டாளைச்சேனைக்கு மேற்கேயுள்ள இங்கினியாகலை அணையை நினைவுகூர்தல் பொருந்தும். மண்வெட்டியும் கூடையுமாகக் குளங்கட்டிய நாடு இது. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது, அமெரிக்க மொரிசன் நூட்சன் கம்பனியார் புல்டோசர் முதலிய மண்வேலை இயந்திரங்களைக் கொண்டுவந்தனர். சுமார் 3,600 அடி நீளமான மண்ணணை சில ஆண்டுகளிலேயே எழுந்தது.

அணையை ஒப்பந்தத்தில் பெறலாம். இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் கையை அவ்வாறு பெற முடியுமா? கணினி மென்பொருளை வாங்கும் நம்மூர் ஒப்பந்தகாரரும், விற்றவர் சென்றபின் அதனை இயக்குபவர் யாரென்று முதலிலேயே கேட்டாக வேண்டும். அன்று அப்பொறுப்பை ஏற்க 1949 இலேயே கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்திருந்தது. என் மதிப்பில், அணையைவிட அதுவே பெரிது. கம்பனியார் சென்ற பின்னும் அது நிலைத்தது. 1965 இல் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் அபிவிருத்திச் சபையாகி, உடவளவைத் திட்டத்திலும் பணியாற்றியது.