சாம்பலை இழுத்த கல்

வள்ளூரை அடுத்துக் கொசஸ்தலை ஆறு உப்பங்கழியாக விரிந்து எண்ணூர் முகத்துவாரத்தை நாடும் இடத்தில் நிற்போருக்கு முதலில் தென்படுவன, 1500 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளே. அவற்றினின்று எழும் புகையிலிருந்து சாம்பலைப் பிரித்தெடுப்பது மின்சாரத்தின் ஆகர்ஷண சக்தி. சாம்பலை இழுக்கும் இந்த வித்தையை, இக்கடலோரத்து வாணிகத்தோடு சம்பந்தப்பட்ட கல்லொன்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டியது.

1613இல் இங்கிருந்து வடக்கே பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கம்பெனியார், பின்னர் இலங்கைக் கரையையும் கைக்கொண்டு, அங்கிருந்து ஏற்றிச் சென்ற சரக்குகளில் ஒன்று, சிங்களத்தில் தோரமல்லி என வழங்கும் பெயரால் அறியப்பட்ட கல். 1703 வாக்கில் ஹாலந்து சேர்ந்த அதனைத் தணலருகே வைத்தால், சாம்பல் துகளைத் தன்பால் இழுத்துச் சற்றுநேரத்தில் உதறிவிடுவதைக் கண்ட டச்சுக்காரர், 'சாம்பல் இழுப்பான்' என்றே அதற்குப் பெயரிட்டனர். இன்றைய டூர்மலின் அதுவே.

சூட்டுக்கு மட்டுமன்றி அழுத்தத்துக்கும் இந்தக் கல்லும் வேறு சில ஸ்படிகங்களும் மின்னேற்றம் பெறும் என்பதை ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் 1880இல் நிரூபித்தனர். முதல் உலகப் போரின்போது லாஞ்செவின் என்னும் விஞ்ஞானி, மின்சாரம் ஊட்டினால் அதிரும் படிகக்கல் தகடுகளால் கடலுக்குள் ஒலியெழுப்பி நீர்மூழ்கிகளைத் தேட முயன்றார்.

அபூர்வமான ஸ்படிகங்களை நம்பியிராமல், குயவர் மரபில் பொடியை அழுத்திச் சூளையிலிட்டே அச்சக்தியைப் பெறும் வழி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பேரியம் டைட்டனேட்டினால் திறந்தது. 1954இல் ஜாஃபே என்னும் ஆய்வாளரும் தோழர்களும் வாஷிங்டனில் வெளியிட்ட ஈய ஜிர்கோனேட் டைட்டனேட் அதனை வென்றது. சுமார் 1200 டிகிரிச் சூட்டில் ஈய ஆக்ஸைடு ஆவியாகித் தப்புமாதலால், ஈயம் கலந்த பொடியைச் சுற்றிலும் இட்டு மூடிய மூசையில் இதனைச் சுட வேண்டும்.

தானாக நேரும் குறையை இவ்வளவு பாடுபட்டுத் தடுக்கும் தொழிலாளியே, வேண்டுமென்று ஒரு மாசையும் சேர்க்கிறான். நூறு அணுவுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் நியோபியமோ லாந்தனமோ கலந்தால், அவற்றின் மிகுதியான மின்னேற்றத்தை ஈடுசெய்ய ஈய அணுக்களின் சில இடங்கள் காலியாகின்றன. பீங்கானுக்குள் ஒரே திசை நோக்கும் மின்முனைகள் குழுமிய சிறு வட்டாரங்களின் எல்லைகள் அதனால் எளிதாக நகர்ந்து, மெல்லிய ஒலியையும் உணரும் மென்பீங்கான் உண்டாகிறது. இரும்பைக் கலந்தாலோ, காலியாவது பிராணவாயுவின் இடம். அந்தக் காலியிடம் இரும்பணுவோடு இணைசேர்ந்து எல்லைகளை ஆணியடித்தாற்போல் நிறுத்திவிடுவதால், ஓயாது அதிர்ந்தாலும் மிகச் சூடேறாத வன்பீங்கான் கிடைக்கிறது. கடலுக்குள் ஒலியை முழக்க வன்பீங்கானும், எதிரொலியைச் செவிமடுக்க மென்பீங்கானும் விசேஷமாக உகந்தவை. ஓர் அணு இல்லாத இடம் ஒரு பொருளின் ஸ்வபாவத்தையே மாற்றிவிடும் இந்த விந்தையை நான் எத்தனை முறை எண்ணினாலும் அதிசயம் தீர்வதில்லை.

சென்னைக் காசிமேட்டு மீன்பிடி விசைப்படகில் ஆழங்காட்டும் எக்கோ சவுண்டரின் திரையைப் படகோட்டி உற்றுநோக்கும்போது, படகின் அடியில் பதித்த இத்தகைய பீங்கான் வில்லையொன்றே ஒலியை விடுத்து, எதிரொலியையும் வாங்கிக்கொள்கிறது; நீரில் விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும் ஒலி, 30 மீட்டர் ஆழத்துத் தரையைத் தொட்டுத் திரும்ப விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கே ஆகும். ஈயம் நீங்கலாக இப்பீங்கானுக்கு வேண்டிய டைட்டானியம், ஜிர்கோனியம், மாசாகச் சேரும் லாந்தனம் ஆகிய மூன்றும், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், ஜிர்கான், மோனசைட் என்னும் கனிமங்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.