நைனாவின் செட்டில்மென்ட்

போன வெள்ளிக்கிழமை (இங்கே மஸ்கட்டில் விடுமுறை) அக்கா மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். அடுத்த வருடம் அவனுக்குக் கல்யாணம் பண்ணலாம் என்று வீட்டில் பேச்சு. இருபத்து மூணு வயசில் என்னடா அவசரம் என்றால் சிரிக்கிறான். "மாமா, கையில கொஞ்சம் காசு இருக்கு. கல்யாணம், அப்புறம் ஒரு ஃப்ளாட். எஃப்.டி.ல போடவா, மியூச்சுவல் ஃபண்டுல போடவா?"

பேங்கில் இருபது வருடம் குப்பை கொட்டியவனுக்கு டக்கென்று பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஞாபகத்துக்கு வந்தது தங்கவயல்தான்.

எங்கள் ஊரில் போடுகிறவர்களும் சேர்க்கிறவர்களும் ஆரம்பத்திலிருந்தே வேறு வேறு ஆட்கள். 1880-ல் மைசூர் கோல்ட் மைனிங் கம்பெனிக்கு லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டினார்கள். முதல் சில வருடம் தோண்டத் தோண்ட வெறும் கல். போட்ட பணம் கரைந்து, பங்கு விலை தரையைத் தொட்டது. மிச்சமிருந்த காசில் கேப்டன் பிளம்மர் என்பவர் விடாமல் தோண்டி, 1880களின் நடுவில் சாம்பியன் ரீஃப் தங்கப் படிவத்தைப் பிடித்தார். பயந்து விற்றவன் போனான்; பொறுத்தவனுக்குப் பல வருடம் டிவிடெண்ட். நிர்வாகம் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்.

கீழே இறங்கியவர்கள் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த நம் ஆட்கள். பங்கு என்றால் அவர்களுக்குக் கறியில் கூறு போடுவதுதான் :-) இருக்க கம்பெனி லைனில் வீடு, அப்பனுக்குப் பிறகு பிள்ளைக்கும் சுரங்கத்திலேயே வேலை என்ற நம்பிக்கை. சொந்த வீடு என்ற நினைப்பே பலருக்கு வரவில்லை. சேர்த்ததெல்லாம் பெண் கல்யாணத்துக்கு.

சேர்த்த வழி ஏலச்சீட்டு. இருபது பேர், மாதம் 500, மொத்தம் 10,000. அவசரக்காரர் 3,000 தள்ளிக் கேட்டு 7,000 எடுத்துக்கொள்வார். சீட்டு பிடிப்பவருக்கு 500 கமிஷன் போக மீதி 2,500-ஐ இருபது பேருக்கும் பிரித்தால் தலைக்கு 125. அந்த மாதம் 375 கட்டினால் போதும். அவசரக்காரருக்கு அது கடன், பொறுத்தவருக்கு சேமிப்பு. பி.காம். படித்தபோது இதைக் கேலி செய்திருக்கிறேன். இன்று ஒரு பேங்க் ஆபீசராகச் சொல்கிறேன், கல்யாணத் தேதி தெரிந்த வீட்டுக்கு அது மோசமான ஏற்பாடு இல்லை, சீட்டு பிடிப்பவர் ஓடாத வரை.

நிற்க. 1956-ல் மைசூர் அரசு, 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்று சுரங்கம் கை மாறியது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடினார்கள். தங்கம் அவுன்ஸ் 300 டாலருக்கும் கீழே கிடந்த காலம். அன்றைக்கேதான் டெல்லியில் யஷ்வந்த் சின்ஹா பட்ஜெட் வாசித்தார். ஓராண்டுக்கு முன் வரை 12 சதவீதமாக இருந்த பி.பி.எஃப். வட்டி 11-க்கு வந்திருந்தது. மார்ச் 1 முதல் 9.5. எங்கள் ஊர் ஆட்கள் செட்டில்மென்ட் பணத்தைக் கையில் வாங்கும் முன்பே வட்டி இறங்கிவிட்டது. அதே மார்ச்சில் பங்குச் சந்தை விழுந்தது. ஜூலை 2-ஆம் தேதி யூ.டி.ஐ. தன் யூ.எஸ்.-64 திட்டத்தில் விற்பதையும் திரும்ப வாங்குவதையும் நிறுத்தி வைத்தது. அரசாங்கத்தின் பணம் மாதிரி என்று நம்பி நாடு முழுக்கப் போட்டிருந்தார்கள்.

எங்கள் நைனாவுக்கும் செட்டில்மென்ட் வந்தது. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. எட்டு பவுன் வாங்கலாம் என்றார். பவுன் 3,500 ரூபாய்க்குள்தான் இருந்தது. நான் பி.காம். கடைசி வருடம், உலகமே எனக்குத் தெரியும். "தங்கம் செத்த முதலீடு நைனா, இனி ஏறாது" என்றேன். "தோண்டினவனுக்குத் தெரியாததாடா உனக்குத் தெரியும்" என்று வாங்கிவிட்டார். மீதிப் பணம் ஆண்டர்சன்பேட்டையில் பார்த்து வைத்திருந்த சைட்டுக்கு. அவசரப்பட்டு வாங்க வேண்டாம், இரண்டு வருடம் வட்டிக்குப் போட்டால் மேலே வீடும் கட்டலாம் என்று சொன்னதும் நான்தான். 15 சதவீதம் தருகிற ஒரு ஃபைனான்ஸைக் காட்டியதும் நானே. பதினெட்டு மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. பத்தொன்பதாவது மாதம் ஷட்டர் இறங்கியிருந்தது.

நைனா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி வரை லைன் வீட்டிலேயே இருந்தார். அந்த வீடுகளைத் தொழிலாளிகளுக்கே கொடுப்பது பற்றிய பேச்சு வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது.

தங்கம் 2025-ல் 3,000 டாலரைத் தாண்டியது. அதனால் நைனா சொன்னதுதான் சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 1980-ல் 850 டாலரில் வாங்கியவன் அந்த விலையைத் திரும்பப் பார்க்க 2008 வரை காத்திருந்தான். நைனா விலையைப் பார்த்து வாங்கவில்லை, முகூர்த்தத்தைப் பார்த்து வாங்கினார்.

மருமகனிடம் சொன்னேன்: "கல்யாணக் காசு எஃப்.டி.யிலேயே இருக்கட்டும், அடுத்த வருஷமே வேணும். ஃப்ளாட்டுக்கு அஞ்சாறு வருஷம் இருந்தா ஒரு பகுதியை ஃபண்டுல போடு. விழுந்தா பார்த்துட்டுச் சும்மா இருக்கணும், முடியுமா?" முடியும் என்றான்.

"தாத்தாகூட நகைதானே வாங்கிப் போட்டாராம், வேஸ்ட் இல்ல?" என்று கேட்டான். அந்த எட்டில் நாலு பவுன், அவனுடைய இன்ஜினியரிங் ஃபீஸுக்காக ராபர்ட்சன்பேட்டை சேட்டுக் கடைக்கு இரண்டு முறை போய்த் திரும்பியிருக்கிறது. அக்கா அவனிடம் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.