சியுதாத் ரோத்ரிகோ டியூக்

குன்னூரை அடுத்த வெலிங்டன் ராணுவக் குடியிருப்பு யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த ஆர்தர் வெல்லெஸ்லி 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் களம் கண்டவர். சொந்த நாடான பிரிட்டன் அவரை வெலிங்டன் டியூக் ஆக்கியது 1814-இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1812 ஜனவரியில், ஸ்பெயின் அந்தப் பெருமையைத் தந்துவிட்டது. பட்டத்தின் பெயர் 'சியுதாத் ரோத்ரிகோ டியூக்'.

சியுதாத் ரோத்ரிகோ போர்ச்சுகல் எல்லைக்கு அருகே, அகெதா ஆற்றங்கரை மேட்டில் உள்ள பழைய கோட்டை நகரம். எல்லை தாண்டும் வடக்குப் பாதையில் படை நடத்த வேண்டுமென்றால் இதைக் கைப்பற்றாமல் முடியாது. 1810-இல் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே இதை முற்றுகையிட்டார். உள்ளே இருந்த ஸ்பானியத் தளபதி எர்ராஸ்தியிடம் சுமார் 5,500 பேர்தான் இருந்தனர். ஸ்பெயினின் நட்பு நாடான பிரிட்டனின் படையுடன் எல்லைப்புறத்தில் இருந்த வெலிங்டன், பிரெஞ்சுப் படையின் பலத்தைக் கருதி உதவிக்கு வரவில்லை. மதில் உடைந்த பிறகே, ஜூலை 10 அன்று, எர்ராஸ்தி சரணடைந்தார்.

ஒன்றரை ஆண்டு கழித்து வாய்ப்பு வந்தது. வலென்சியாப் போருக்காகத் தளபதி மார்மோனின் பிரெஞ்சுப் படையிலிருந்து ஒரு பகுதியை நெப்போலியன் கிழக்கே அனுப்பச் சொல்லியிருந்தார். அந்த இடைவெளியில், கடுங்குளிர் என்றும் பாராமல், 1812 ஜனவரி 8 அன்று வெலிங்டன் நகரை வளைத்தார். முதல் இரவே தெசோன் குன்றின் காவல் அரண் வீழ்ந்தது. முகாம்கள் ஆற்றின் மறுகரையில் இருந்ததால், பதுங்குகுழி வெட்டும் முறை வரும்போதெல்லாம் வீரர்கள் பனிக்கட்டி மிதக்கும் அகெதாவில் இறங்கிக் கடந்து, நனைந்த உடையோடு உறைந்த மண்ணை வெட்டினார்கள். 14-ஆம் தேதி பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. 19-ஆம் தேதிக்குள் மதிலில் இரண்டு பிளவுகள்.

அன்றிரவே தாக்குதல். பெரிய பிளவில் வெடிவைப்பு வெடித்து வெலிங்டனின் தளபதி மெக்கின்னன் மாண்டார். சிறிய பிளவில் குண்டடிபட்ட இன்னொரு தளபதி கிராஃபர்டு சில நாட்களில் உயிர்விட்டார். ஏறத்தாழ 2,000 பேர் கொண்ட பிரெஞ்சுக் காவற்படை பணிந்தது. ஆனால் விடுவிக்க வந்த வீரர்களே குடித்து வெறிகொண்டு, நட்பு நாட்டு மக்களின் வீடுகளைச் சூறையாடினார்கள். பட்டத்துக்குப் பெயர் தந்த ஊர் இரண்டு முற்றுகைகளையும் ஒரு கொள்ளையையும் தாங்கியது. இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் அந்த வெற்றியை எடைபோட வேண்டும்.

பட்டத்தை அறிவித்தது அரசர் அல்ல. ஏழாம் ஃபெர்னாண்டோ பிரான்சில் சிறைப்பட்டிருந்தார். காதிஸ் துறைமுகத்தில், தானும் பிரெஞ்சு முற்றுகைக்குள் இருந்துகொண்டே, ஸ்பெயினின் நாடாளுமன்றமான கோர்த்தெஸ் அவர் பெயரால் முடிவெடுத்தது. கூடவே 'கிராந்தே' தகுதியும் கிடைத்தது. அரசர் முன்னிலையிலும் தொப்பியைக் கழற்றாமல் நிற்கும் உரிமை பெற்ற உச்சப் பிரபுக்களின் வரிசை அது.

அடுத்த ஆண்டு வெறும் பெயரோடு நில்லாமல் நிலமும் வந்தது. கிரனாடா அருகே சோத்தோ தே ரோமா என்ற பெரும் பண்ணை வெலிங்டனுக்கு வழங்கப்பட்டது. அங்கே உழுதவர்களுக்கு ஓர் ஆங்கிலேயப் பிரபு நிலக்கிழார் ஆனார். கவிஞர் லோர்கா 1898-இல் பிறந்த ஃபுவெந்தே வக்கேரோஸ் கிராமம் அந்தப் பண்ணை நிலத்தில் எழுந்த ஊர்தான்.

பட்டத்தின் வாரிசுரிமையும் தனி வழியில் சென்றது. 1943-இல் ஆறாம் வெலிங்டன் டியூக் இத்தாலியின் சலேர்னோ போரில், மணமாகாமலே மாண்டார். பிரிட்டன் சட்டப்படி பட்டம் சித்தப்பா ஜெரால்டுக்குப் போனது. ஸ்பானியப் பட்டம் பெண்ணுக்கும் சேரும் என்பதால், சகோதரி ஆன் சியுதாத் ரோத்ரிகோவின் டச்சஸ் ஆனார். 1949-இல் அவர் அதைச் சித்தப்பாவுக்கே விட்டுக்கொடுத்தார். ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைக்கே பட்டம் என்று 2006-இல் ஸ்பெயின் சட்டம் இயற்றியது. பிரிட்டன் பட்டம் இன்றும் ஆண் வழியிலேயே செல்வதால், இரண்டும் மறுபடி வெவ்வேறு கைகளுக்குப் பிரிய இடமிருக்கிறது.