பட்டை சேர்த்தால் வண்டி தாங்கும்... பிரேக் தாங்குமா? ஓசூர் பிக்அப் ஓனர்கள் கவனிக்க வேண்டியவை

ஓசூர்:-

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் ஏத்தணுமா, ராயக்கோட்டை தக்காளியை பெங்களூருக்கு தள்ளணுமா, பூ மூட்டையை விடியறதுக்குள்ள மார்க்கெட்டில் சேர்க்கணுமா? எல்லாத்துக்கும் பிக்அப் வண்டிதான். 2005-ல் டாடா ஏஸ் வந்தது. ஜனங்க அதுக்கு 'குட்டி யானை'ன்னு பேர் வச்சாங்க. 2011-ல் அசோக் லேலண்ட் நிறுவனம் நிசானுடன் கூட்டு சேர்ந்து நம்ம ஓசூர் ஆலையிலேயே 'தோஸ்த்' வண்டியை தயாரித்து இறக்கியது. அது 1¼ டன் ஏத்துற வண்டி.

ஆனால் 1¼ டன்னோடு யாருக்கு மனசு நிறையுது? புது வண்டி ஷோரூமை விட்டு வந்ததும் நேரா பட்டறைக்குத்தான் போகுது. பின்பக்கம் ரெண்டு பட்டை கூடுதல், தொட்டிக்கு மேல இரும்பு கிரில், கேபின் மேல கேரியர், முன்னால் பம்பர் கம்பி, ஏர் ஹாரன், எல்.இ.டி. போகஸ் லைட். டியூ கட்டணும், டீசல் போடணும். ஒரே நடையில் கூட நாலு மூட்டை ஏத்தினால்தான் கட்டுப்படியாகும் என்பது ஓனர்கள் கணக்கு. அந்தக் கணக்கை தப்புன்னு சொல்ல முடியாது. ஆபத்து வேற இடத்தில் இருக்கிறது.

பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் இறங்காது, அவ்வளவுதான். ஆக்சில், சேசிஸ், டயர், பிரேக் எல்லாம் பழசேதான். சில பிக்அப்களில் பின் பிரேக்குக்கு பாரத்தை பார்த்து அழுத்தம் கொடுக்கிற வால்வு ஒன்று இருக்கும். தொட்டி எவ்வளவு இறங்குதோ அதை வச்சுத்தான் அது பாரத்தை கணக்கு போடும். கூடுதல் பட்டையால் தொட்டி இறங்காவிட்டால், வண்டி காலின்னு அது நினைச்சுக்கும். ரெண்டு டன் பாரத்தோட வர்ற வண்டிக்கு காலி வண்டி பிரேக்! மேலுமலை இறக்கத்திலும் தொப்பூர் கணவாயிலும் இது என்ன பண்ணும்னு டிரைவர்களுக்கு சொல்லவே வேணாம். கிரில் வச்சு உயரமா ஏத்தினால், வளைவில் வண்டி சாயும் அபாயமும் சேர்ந்துக்கும்.

கிரில் வைக்கிறவங்க மறக்கிற இன்னொரு விஷயம்: வண்டியின் மொத்த எடை ஆர்.சி.யில் எழுதினதுதான். 100 கிலோ இரும்பு சேர்த்தால், ஏத்த வேண்டிய சரக்கில் 100 கிலோ குறையணும்.

சட்டம் என்ன சொல்லுது? மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரமும் கம்பெனி கொடுத்த அளவும் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதியா சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இல்லாவிட்டால் ரெண்டும் என்று இருக்கிறது. பம்பர் கம்பி வேண்டாம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு கடிதம் எழுதியது. விதவிதமா ராகம் போடுற ஹாரனுக்கும் தடைதான்.

அதிக பாரத்துக்கு ரூ.20 ஆயிரம், அதுக்கு மேல டன்னுக்கு ரூ.2 ஆயிரம். 1¼ டன் வண்டியில் 2¼ டன் ஏத்தி மாட்டினால் ரூ.22 ஆயிரம், சரக்கை இறக்குற கூலியும் நம்ம தலையில்தான். இது மத்திய சட்டம் என்பதால் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி பக்கம் போனாலும் தப்ப முடியாது.

பலருக்கு தெரியாத விஷயம், வண்டி பைனான்சில் இருந்தால் பைனான்ஸ்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று அதே 52-வது பிரிவு சொல்கிறது. விபத்து நடந்தால் முதலில் வண்டியை பார்க்க வர்றது இன்சூரன்ஸ் சர்வேயர். ஆர்.சி.யில் இல்லாத மாற்றம் கண்ணில் பட்டால் கிளைம் இழுத்தடிக்கும்.

அப்போ எதுவுமே செய்யக் கூடாதா? செய்யலாம். வண்டியின் அடிப்படை அமைப்பு மாறாத சின்ன வேலைகளை சட்டம் 'மாற்றம்' என்று கணக்கில் எடுப்பதில்லை. சீட் கவர், தரைக்கு ரப்பர் ஷீட், கயிறு கட்ட கொக்கி, நல்ல படுதா இதெல்லாம் பிரச்சினை இல்லாதவை. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர் கண்டிப்பா ஒட்டணும். கேபின்-சேசிஸ் மட்டும் வாங்கி பாடி கட்டுறவங்க, பதிவின்போதே அதை ஆர்.சி.யில் ஏத்திடணும். கியாஸ் கிட் போடுறதா இருந்தால் அங்கீகாரம் உள்ள இடத்தில் போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு செய்யணும்.

லைட் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பியூஸ், ரிலே இல்லாமல் பேட்டரியில் நேரா வயர் இழுத்தால், வயர் சூடாகி தீப்பிடிக்க அது ஒன்று போதும்.

எப்.சி.க்கு போகும்போது எல்லாத்தையும் கழட்டி, வந்ததும் மாட்டுறது இங்கே பழகிப்போன ஒன்று. 8 வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம் எப்.சி. பழைய பிக்அப் வாங்குறவங்க டி.என்.24 ஆனாலும் டி.என்.70 ஆனாலும், ஆர்.சி.யை கையில் வச்சுக்கிட்டு வண்டிக்கு அடியில் குனிஞ்சு பட்டையை எண்ணிப் பார்க்கணும். கம்பெனி கொடுத்ததை விட கூட இருந்தால், கழட்டுற செலவை விலையில் கழிச்சுத்தான் பேசணும்.